பேச்சிக்கு வந்த விடை

கடற்காற்று வீசுகிற ஓர் ஊரில் பெண்கள் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் ஹெப்சிபா மேடம். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். ஒரு வேலை கொடுப்பார்.

ஒருநாள் ஒரு மாணவி, "மேம், இந்த உப்பு ஏன் கரையவே மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்றார் மேடம்.

அவள் சாப்பிட்டு வந்து பார்த்தபோது உப்பு கரைந்திருந்தது.

மேடத்துக்கு வயது அதிகமில்லை. காலையில் பிள்ளைகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, இரண்டு பஸ் மாறி வருவார். ஆனாலும் மாணவிகள் அவரிடம் பெரியவர்களிடம் போவதுபோலத்தான் போனார்கள். போனவர்கள் எல்லாரும் எதையாவது கழுவிவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கல்லூரி விடுதியில் ஜெபசீலி என்று ஒரு பெண் தங்கிப் படித்தாள். இரண்டாம் வருடம். அப்பா உப்பளத்தில் லோடு ஏற்றுகிறவர். அம்மா வீட்டில் துணி தைத்துக் கொடுப்பார்.

ஜெபசீலி பள்ளிக்கூடத்தில் முதல் மாணவி. கல்லூரிக்கு வந்து பார்த்தால், வகுப்பில் பாதிப் பேர் அவரவர் பள்ளிக்கூடத்தில் முதல் மாணவிகள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் முன்னால் நிற்பவள் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்ப்பாள். பக்கத்து அறையில் விளக்கு எரிந்தால் இவளும் விளக்கை அணைக்க மாட்டாள். அந்த அறையில் இருந்தது பேச்சியம்மாள். ஒரே வகுப்பு. நன்றாகப் படிக்கிற பெண்.

ஒருநாள் காலையில் ஜெபசீலி அவளிடம் கேட்டாள். "நேத்து என்னட்டி படிச்ச? லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே."

"எங்க படிச்சேன்? எந்திரிச்சுப் போய் அணைக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு அப்படியே தூங்கிட்டேன். வார்டன்கிட்ட ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்."

ஜெபசீலியின் கண்கள் எரிந்தன. ராத்திரி முழுவதும் இவள் தூங்கவே இல்லை.

போன செய்முறைத் தேர்வில் அவள் தோற்றுப் போனாள். அது தோற்றுப்போகிற தேர்வே இல்லை. அந்தத் தேர்வில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு குடுவையில் கொஞ்சம் கரைசல் கொடுப்பார்கள். அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் கொடுத்த அளவை இன்னொருத்திக்குக் கொடுக்க மாட்டார்கள். இது வகுப்புக்கே தெரியும். ஜெபசீலிக்கும் தெரியும்.

தெரிந்திருந்தும், கடைசி நேரத்தில் பேச்சியின் தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வேறு எண் வந்திருந்தது. பேச்சி கெட்டிக்காரி, அவளுக்குத் தப்பாக வராது என்று நினைத்து, தன் எண்ணை அடித்துவிட்டு அவள் எண்ணை எழுதினாள்.

பேச்சி பாஸானாள். இவள் தோற்றாள்.

இப்போது அடுத்த செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. இதிலும் தோற்றால் இந்த வருடத்தையே மறுபடி படிக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் சட்டம். ஜெபசீலிக்குச் சோறு இறங்கவில்லை. சீப்பில் முடி முடியாக வந்தது. பைபிளைத் திறந்தால் கண் ஒரே வரியில் நின்றது.

அம்மாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, நான் வீட்டுக்கு வந்துரட்டுமா? எனக்குப் படிப்பு வேண்டாம்."

அம்மா தையல் மிஷினை நிறுத்தியது போனில் கேட்டது.

"வா மக்களே. உன் வீட்டுக்கு வாரதுக்கு யார்கிட்ட கேக்கணும்? பரீட்சையை மட்டும் எழுதிட்டு வா. எழுதாம வந்தா, இங்க வந்தும் உனக்குச் சோறு இறங்காது."

ஜெபசீலி பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்தாள். பிறகு மேடத்தைப் பார்க்கப் போனாள்.

மத்தியான இடைவேளை. மேடம் லேபில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேம், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பயம் போக என்ன பண்ணணும் மேம்?"

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்ல மேம். பிடிக்கல."

மேடம் டிபன் பாக்ஸின் மூடியில் எலுமிச்சை சாதத்தைப் பாதி வைத்து நீட்டினார். "சாப்பிடு."

மேடம் சொன்னால் மறுக்க முடியாது. ஜெபசீலி சாப்பிட்டாள். முதல் வாய் தொண்டையில் நின்றது. அப்புறம் இறங்கியது. மூடி காலியானதும் மேடம் கேட்டார்.

"பயம் போச்சா?"

"இல்ல மேம்."

"பசி?"

"போச்சு."

"சரி. ஒண்ணு போச்சுல்ல. மூடியைக் கழுவி வெச்சுட்டு, சாயங்காலம் வகுப்பு முடிஞ்சதும் வா."

சாயங்காலம் அவள் போனபோது ப்யூரெட் தாங்கியில் மாட்டப்பட்டுத் தயாராக இருந்தது. ப்யூரெட் என்பது எண்கள் போட்ட நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு திருகு இருக்கும். குழாய்க்குள் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட் கரைசல் இருக்கும். கீழே ஒரு குடுவையில் இரும்புக் கரைசல். திருகைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே உள்ளதைக் கீழே விட வேண்டும். விழுந்ததும் நிறம் மறைந்து போகும். இரும்பு முழுவதும் தீர்ந்த பிறகு விழுகிற சொட்டு மறையாது. குடுவை முழுவதும் வெளிர் ரோஜா நிறம் பிடித்து நிற்கும். அங்கே நிறுத்தி, குழாயில் எந்த எண் வரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் நிறம் அடர்ந்துவிடும். விடையும் கெட்டுவிடும்.

மேடம் தேதி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்தார். ப்யூரெட்டில் எண்கள் தெரியும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மூடி, நூலால் கட்டினார்.

"போடு."

"எண்ணே தெரியலையே மேம்."

"தெரிய வேண்டாம். நிறம் வந்ததும் நிறுத்து."

ஜெபசீலி திருகைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் குடுவை முழுவதும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கையை விட்டுப் போயிற்று.

"எதைப் பாத்துக்கிட்டிருந்த?" என்றார் மேடம்.

"குடுவையைத்தான் மேம்."

மேடம் அவளையே பார்த்தார்.

"காகிதத்தைப் பாத்தேன் மேம். உள்ள எவ்வளவு இறங்கியிருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

"கழுவு."

கழுவினாள். மறுபடி போட்டாள். மறுபடியும் கெட்டது. மறுபடி கழுவினாள்.

அடுத்த நாள் மேடம் பேச்சியையும் வரச் சொல்லி, பக்கத்து மேசையில் நிறுத்தினார். "நீயும் போடு. சும்மா, துணைக்கு."

"எனக்கும் காலண்டர் கட்டணுமா மேம்?" என்றாள் பேச்சி.

"உனக்கு வேண்டாம்."

"நல்லவேளை. எங்க ராசிபலன் வந்து மாட்டிக்கிடுமோன்னு பாத்தேன்."

இரண்டு பேரும் போட ஆரம்பித்தார்கள். ஜெபசீலியின் குடுவை மீண்டும் அடர்ந்து போனது.

"இப்ப எதைப் பாத்த?"

ஜெபசீலி தலையைக் குனிந்துகொண்டாள். "பேச்சி குடுவையை மேம்."

பேச்சி தன் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "ஏட்டி, இதுக்குள்ள என்ன இருக்கு? மீனா வளக்கேன்?"

மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெபசீலி குடுவையைக் கழுவும்போது அவளிடம் கேட்டார். "ஜெபம் பண்ணுவியா?"

"தினமும் பண்ணுவேன் மேம்."

"பரீட்சைக்காக என்ன கேட்ட?"

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். சொல்லவா வேண்டாமா என்று நின்றாள். "பேச்சிக்கு வர்ற விடையே எனக்கும் வரணும்னு கேட்டேன் மேம்."

"என் பேரைச் சொல்லியா கேட்ட?" என்றாள் பேச்சி. "எங்க குலசாமிகிட்ட நானே இன்னும் எனக்காக ஒண்ணும் கேக்கல. அதுக்குள்ள நீ உங்க ஆண்டவர்கிட்ட போய் என்னைக் கோத்துவிட்டுட்டியே."

மேடம் சிரிக்கவில்லை. "அப்ப உன் குடுவையில என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

ஜெபசீலி குடுவையை மறுபடி நிரப்பினாள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் முழுவதும் சாயங்காலங்களில் இதுவே நடந்தது. மேடம் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார். வீட்டிலிருந்து போன் வந்தால், "இந்தா வந்துட்டேன், பால் பாக்கெட்டை உடைச்சு அடுப்புல வைங்க அத்தை" என்பார். போனை வைத்துவிட்டு, "கழுவு" என்பார்.

ஒரு சாயங்காலம் லேபில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. பேச்சி பக்கத்து மேசையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜெபசீலி இடது கையால் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றினாள். சொட்டு விழுந்த இடத்தில் சின்ன வட்டமாக நிறம் வந்து மறைந்தது. இன்னொரு சொட்டு. மறையக் கொஞ்சம் நேரமானது. இன்னொன்று. அது இன்னும் மெதுவாக மறைந்தது. அவள் மூச்சு விடாமல் காத்திருந்தாள். இன்னொரு சொட்டு.

குடுவை முழுவதும் விடிகாலை வானம் போல வெளுத்த ரோஜா நிறம். சுழற்றினாள். மறையவில்லை.

திருகை மூடினாள். பேச்சி எப்போது பாட்டை நிறுத்தினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேடம் ப்யூரெட்டுக்குப் பின்பக்கம் போய் நின்று, கரைசல் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து, காகிதத்தின் உள்பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"எவ்வளவு வந்திருக்கு மேம்?"

"கழுவு."

"மேம், சரியா வந்திருக்கான்னு மட்டும்..."

"கழுவிட்டு மறுபடி போடு."

போட்டாள். மேடம் கோடு போட்டார். மறுநாளும் அதே கரைசலில் போட்டாள். அதற்கும் கோடு. அவள் எத்தனை முறை போட்டாலும் மேடம் ஒரு எண்ணும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் மேடம் நூலை அவிழ்த்தார். காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஏணிப்படி மாதிரி நிறைய கோடுகள் இருக்கும் என்று ஜெபசீலி நினைத்திருந்தாள். ஒரே ஒரு கோடுதான் இருந்தது. தடியாக, பென்சில் பலமுறை அழுந்திய ஒரு கோடு.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "மத்த கோடெல்லாம் எங்க மேம்?"

"எல்லாம் அதுலதான்."

ஜெபசீலி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா. ஒருத்திக்கும் பிடிக்காது. அவள் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

தேர்வன்று வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தலை நரைத்தவர். மெதுவாகப் பேசுகிறவர். காலையிலேயே வந்து, ஒவ்வொரு குடுவையிலும் வெவ்வேறு அளவு இரும்புக் கரைசலை ஊற்றினார். யாருக்கு எவ்வளவு என்று தன் தாளில் குறித்துக்கொண்டு, குடுவைகளைத் தன் கையாலேயே மேசைகளில் வைத்தார். ஹெப்சிபா மேடத்துக்கும் அந்த அளவு தெரியாது. மேடம் ஜன்னலோரம் நின்றார். அன்றைக்கு அவர் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது.

ஜெபசீலிக்குப் பக்கத்து மேசை பேச்சிக்குத்தான்.

மணி அடித்தது. ஜெபசீலி கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபம் சொன்னாள். குடுவையில் கோடு வரை தண்ணீர் சேர்த்தாள். அதில் கொஞ்சம் அளந்து எடுத்து, வேறொரு குடுவையில் விட்டாள். ஆசிட் ஊற்றினாள். திருகைத் திறந்தாள்.

நிறம் சீக்கிரமே வந்துவிட்டது.

வகுப்பில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். எப்போதும் குழாயில் பாதிக்குக் கிட்டே இறங்கினால்தான் நிறம் நிற்கும். இன்று அதில் பாதிகூட இறங்கவில்லை. அதற்குள் குடுவை வெளிர் ரோஜாவாகிவிட்டது. சுழற்றினாள். மறையவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சுழற்றினாள். மறையவே இல்லை.

குடுவையைக் கழுவி, இன்னொரு முறை போட்டாள். நிறம் அதே இடத்தில்தான் வந்தது.

கணக்குப் போட்டு விடையை எழுதி, பேராசிரியரிடம் கொண்டுபோனாள். அவர் தன் தாளைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கணக்கெல்லாம் சரிதாம்மா. ஆனா விடை பாதிகூட இல்லையே."

ஜெபசீலி தன் தாளைக் குனிந்து பார்த்தாள்.

"பயந்துட்டு முன்னாடியே நிறுத்திட்டியா?"

"இல்ல சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "போன தடவை உனக்குப் போயிருச்சுன்னு எழுதியிருக்கு. இதுவும் போனா ஒரு வருஷம் போயிரும். இன்னும் நிறைய கூட வரணும். நேரம் இருக்கு. போய் நல்லாப் பாத்து, இதை அடிச்சுட்டு எழுதிக் கொண்டு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரக்கப்பட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது.

ஜெபசீலி மேசைக்குத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே பேச்சிக்குப் புரிந்துவிட்டது. பேச்சி தன் தாளை மெல்ல மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். அதில் எண் பெரிதாகத் தெரிந்தது. இவளுக்கு வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. வகுப்பில் எப்போதும் வருகிற மாதிரியான எண்.

"கூட வரணும்னாரா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள் பேச்சி.

"ம்."

"அப்ப இதைப் பாத்து இதுக்குப் பக்கமா ஒண்ணை எழுது. ஊருக்கெல்லாம் போவாதட்டி. எனக்கு இங்க வேற யாரு இருக்கா?"

ஜெபசீலி ஜன்னல் பக்கம் திரும்பி மேடத்தைப் பார்த்தாள். மேடம் அவளைப் பார்க்கவில்லை. வெளியே சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை.

பேனா அவள் கையில் இருந்தது. ஒரு எண்ணை அடித்து இன்னொன்றை எழுத ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் ஒரு வருடம் தப்பிவிடும்.

அவள் பேனாவை வைத்தாள். குடுவையைக் கழுவினாள். மறுபடி அளந்து எடுத்து, திருகைத் திறந்தாள். பேச்சியின் தாள் அவள் கண்ணுக்குக் கிட்டேதான் இருந்தது. அவள் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வட்டமாக வந்து மறைந்தது. மெதுவாக மறைந்தது. பிறகு நின்றது.

அதே இடம்.

ஜெபசீலி பேராசிரியரிடம் போனாள். தாளில் எதுவும் மாறவில்லை.

"சார், மறுபடி போட்டேன். அங்கதான் நிறம் மாறுது."

"எழுதினதை மாத்தலையா?"

"இல்ல சார்."

"அப்ப ஃபெயில் போடட்டுமா?"

லேபில் கண்ணாடிச் சத்தம் நின்றது. எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

"போடணும்னா போடுங்க சார். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க. நீங்க குடுத்த குடுவையில இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "என்னைப் பரீட்சை எழுதச் சொல்றியா?"

"ஐயோ, இல்ல சார். எனக்கு அங்கதான் மாறுது. நீங்க பாத்தாத்தான் உங்களுக்கும் தெரியும்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மேடம் இன்னும் காக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் நாற்காலியை நகர்த்தி எழுந்தார். அவளுடைய மேசைக்கு வந்தார். மிச்சமிருந்த கரைசலைத் தானே அளந்து எடுத்தார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் திருகை வேகமாகத் திறந்தார். பத்து விரலுக்கும் பழக்கப்பட்ட வேலை. அப்புறம் ஏதோ தோன்றியவர் போல வேகத்தைக் குறைத்தார். சொட்டுச் சொட்டாக விட்டார்.

வெளிர் ரோஜா.

அவர் குடுவையைச் சுழற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குனிந்து ப்யூரெட்டில் எண்ணைப் பார்த்தார். 

"அதேதான்" என்றார்.

பிறகு பேச்சியைப் பார்த்தார். "உனக்கு எவ்வளவும்மா வந்திருக்கு?"

பேச்சி விடையைச் சொன்னாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். அடுத்த வரிக்கு நகர்த்தினார். மறுபடி முதல் வரிக்கு வந்தார். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் குடுவை இவ மேசைக்கு வந்திருக்கு. இவ குடுவை உன் மேசைக்குப் போயிருக்கு. காலையில வைக்கும்போது நான்தான் இடம் மாத்தி வெச்சிருக்கேன்."

 அவர் ஜெபசீலியின் பக்கம் திரும்பினார்.

"நீ இந்தப் பொண்ணு விடையைப் பாத்து எழுதியிருந்தேன்னா, உனக்கு முழு மார்க் போட்டிருப்பேன். என் தாள்ல உன் பேருக்கு நேரா அதுதான் இருக்கு." பிறகு பேச்சியைக் காட்டினார். "இவளை ஃபெயில் பண்ணியிருப்பேன்."

பேச்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அதுவரை ஒரு பயமும் இருந்ததில்லை. இப்போதுதான் வந்தது.

பேராசிரியர் இரண்டு பேருடைய தாளையும் வாங்கினார். சிவப்புப் பேனாவால் விடையைச் சுற்றி வட்டம் போட்டு, பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெபசீலியின் தாளைக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார்.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். என்னை யாரும் திருப்பிப் போட்டுப் பாக்கச் சொன்னதில்ல. நல்லா இரு."

பின்வரிசையில் ஒருத்தி கை தட்டினாள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். தேர்வு நடக்கிற இடம் என்பதே யாருக்கும் நினைவில்லை. பேராசிரியர் தடுக்கவில்லை. ஹெப்சிபா மேடம்தான் மெல்லத் திரும்பி, "மத்தவங்க குடுவை எல்லாம் தானா நிறம் மாறிரும்னு நினைப்பா? வேலையைப் பாருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்ததும் பேச்சி அவளைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. விட்டபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"ஆனாலும் உன் ஆண்டவர் கேட்டதைக் கேட்டபடியே குடுத்துட்டாரு பாத்தியா. எனக்கு வரவேண்டிய விடை உனக்கு வந்துருச்சு."

ஜெபசீலி சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வராந்தாவில் போன ஜூனியர் பிள்ளைகள் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"இனிமே ஜெபம் பண்ணுனா என் பேரை இழுக்காத என்ன" என்றாள் பேச்சி.

"இழுப்பேன். வேற மாதிரி இழுப்பேன்."

கேன்டீனில் வகுப்பே சேர்ந்து வாழைக்காய் பஜ்ஜி வாங்கியது. நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். ஒருத்தி பேராசிரியர் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் காட்டினாள். இன்னொருத்தி ஜெபசீலி மாதிரி நின்று, "நீங்க பாத்தாத்தான் உங்களுக்கும் தெரியும்" என்றாள். ஜெபசீலி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"என்ன மக்களே, பெட்டியெல்லாம் கட்டியாச்சா? அப்பாவை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பட்டுமா?"

"சனிக்கிழமை வாரேன்ம்மா. பெட்டி வேண்டாம். ஒரு பை மட்டும் போதும்."

"பை போதுமா?"

"திங்கக்கிழமை வகுப்பு இருக்கே."

 கொஞ்சம் கழித்துத் தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது கேட்டது.

எல்லாரும் போன பிறகு ஜெபசீலி லேபுக்குப் போனாள். பேராசிரியர் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார். மேடம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். கைப்பை தோளில் தொங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"மேம்."

"இன்னும் போகலையா நீ?"

"ஒண்ணு சொல்லணும் மேம்." அவள் கதவோரமே நின்றாள். "அன்னைக்கு உங்ககிட்ட பயம் போக என்ன பண்ணணும்னு கேட்டேன்."

"ம்."

"பயம் போகவே இல்ல மேம். ஃபெயில் போடட்டுமான்னு சார் கேட்டப்போ கால் ரெண்டும் கிடுகிடுன்னு ஆடிச்சு. சேலைக்குள்ள இருந்ததால யாருக்கும் தெரியல. அவர் திரும்பப் போட்டுப் பாக்கும்போதும் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. இப்பக்கூட ஆடுது."

மேடம் கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டினார். விளக்கை அணைத்தார்.

"ஆடினது கால்தானே பிள்ள. திருகைப் பிடிச்சது கை."